வெள்ளைக்காரம்மாவுக்குக் காட்டாத கடலை

சென்ற மாதம் அரிமளத்துக்கு ஒரு லாரி திரும்பி வந்தது.

லாரி என்றால் போகும், வரும்... இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? ஒரு மூட்டைகூட இறக்காமல், ஏற்றிப் போன அத்தனை கடலை மூட்டையோடும் திரும்பி வந்தது. அதுதான் சங்கதி. துறைமுகத்தில் மூட்டையைக் குத்திப் பார்த்தார்களாம். உள்ளே பருப்பில் பூசணம். கப்பலில் ஏற்ற முடியாது, எடுத்துக்கொண்டு போங்கள் என்று விரட்டிவிட்டார்கள்.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே... சொல்லி மாளாது. கடலை என்னுடையது இல்லை. லாரியும் என்னுடையது இல்லை. புதுக்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துவிட்டு, வாரம் ஒரு முறை இந்தப் பக்கத்தில் உங்களிடம் சிடுசிடுப்பவள் நான். எனக்கும் கடலைக்கும் சட்னி அளவில்தான் சம்பந்தம். ஆனாலும் அந்த லாரி திரும்பி வந்ததில் எனக்கு ஒரு பங்கு உண்டு. அதைச் சொல்லித் தொலைத்துவிட்டால் மனசு கொஞ்சம் ஆறும்.

அரிமளத்தில் காசிம் ராவுத்தர் என்று ஒரு வியாபாரி. சுற்றுப்பட்ட கிராமத்துக் கடலையெல்லாம் அவர் கொட்டகைக்குத்தான் வந்து சேரும். அங்கே நாற்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கையாலேயே கடலையை உடைத்துப் பருப்பு எடுப்பார்கள். மிஷினில் போட்டால் பருப்பு பிளந்துபோகும். வெளிநாட்டுக்காரனுக்கு முழுப் பருப்பு வேண்டும். அதனால் கூலியும் முழுப் பருப்புக்குத்தான். உடைந்ததை அளவில் சேர்க்க மாட்டார்கள்.

நன்றாகக் காய்ந்த கடலையை நாள் முழுக்க விரலால் உடைத்துப் பார்த்திருக்கிறீர்களா? நான் கால் மணி நேரம் உடைத்துப் பார்த்தேன். கட்டைவிரல் நகம் பிய்ந்துவிட்டது. பருப்பும் பாதிக்குப் பாதி பிளந்துவிட்டது. அதனால் கொட்டகைப் பெண்களுக்கு ஒரு வழக்கம். முதல் நாள் சாயங்காலமே கடலைக் குவியலில் தண்ணீரைத் தெளித்து, ஈரச் சாக்கைப் போட்டு மூடி வைத்துவிடுவார்கள். காலையில் தோல் பதமாக இருக்கும். லேசாக அழுத்தினால் போதும், பருப்பு முழுசாக வந்து விழும். விரலும் பிழைத்தது, கூலியும் பிழைத்தது.

ஆனால் அந்த ஈரம்?

உடைத்த பருப்பைத் திரும்பக் காயப்போட வேண்டும். எங்கே காயப்போடுவது? ராவுத்தரிடம் ஒரு நல்ல களம் கிடையாது. திருமயம் ரோட்டில்தான் பரப்புவார்கள். தார் ரோடு சூடாக இருக்கும் என்று ஒரு கணக்கு. பஸ் டயர் ஏறின கடலை, மாடு மிதித்த கடலை, நாய் படுத்து எழுந்த கடலை... டிரைவர்கள் இறங்கி வந்து வைகிற வசவை இந்தப் பத்திரிகையில் அச்சடிக்க முடியாது. வெயில் இருந்தால் ஏதோ காயும். இல்லாவிட்டால் அரை ஈரத்தோடு சாக்கில் அடைத்துத் தைத்துவிடுவார்கள். அப்புறம் பூசணம் பிடிக்காமல் என்ன செய்யும்?

இது ஏதோ நம் ஊர்ச் சில்லறை விவகாரம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சில வருஷங்களுக்கு முன்னால் சீமையில் வான்கோழிகள் கூட்டம் கூட்டமாகச் செத்து விழுந்தனவாம். என்ன ஏது என்று தோண்டித் துருவினால், தீனியில் கலந்த கடலைப் புண்ணாக்கில் விஷம். பூசணத்தில் ஊறிய விஷம். அதற்கப்புறம்தான் உலகமே கடலையை முறைத்துப் பார்க்க ஆரம்பித்தது.

அந்த வழியில் வந்தவர்தான் மிஸ் இங்ரிட். ஐரோப்பாவில் ஒரு குளிர் தேசத்துக்காரர். அங்கே ஒரு விவசாயக் கல்லூரியில் உத்தியோகம். அந்தக் கல்லூரியும் நம் சர்க்காரும் சேர்ந்து ஒரு பயிற்சித் திட்டம் போட்டிருந்தன. நம் பக்கத்தில் ஓர் ஊரைத் தேர்ந்தெடுப்பார்கள். அங்கே காயப்போடுவதற்குச் சிமெண்டுக் களம் கட்டித் தருவார்கள். பருப்பில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று காட்டும் கருவி ஒன்று தருவார்கள். கடலை உடைக்கிற பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, அவர்களில் இரண்டு பேரைச் சம்பளம் கொடுத்து மற்ற ஊர்களுக்குச் சொல்லித்தர அனுப்புவார்கள்.

எல்லாவற்றுக்கும் ஒரே நிபந்தனை. அந்த ஊரில் ஈரம், பூசணம் என்ற குறை இருக்க வேண்டும். எங்கே குறை அதிகமோ அங்கே திட்டம்.

இதை மிஸ் இங்ரிட் வருவதற்கு முன்பே கடிதத்தில் பளிச்சென்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை எங்கள் யூனியன் அதிகாரி பி.டி.ஓ.வுக்குப் படித்துத் தமிழில் சொன்னவளே நான்தான். மொழிபெயர்ப்புக்கு என்னைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். வெள்ளைக்காரியோடு ஒரு நாள் முழுக்க இங்கிலீஷ் பேசலாம் என்றால் எந்த இங்கிலீஷ் டீச்சருக்குக் கசக்கும்? உடனே சரி என்றேன்.

"ரொம்ப நல்லது... ரொம்ப நல்லது" என்று பி.டி.ஓ. தலையாட்டினார். என்னத்தைப் புரிந்துகொண்டாரோ! மறுநாளே ஊரைக் கழுவ ஆரம்பித்துவிட்டார்.

கொட்டகைக்கு வெள்ளையடித்தார்கள். ரோட்டில் ஒரு மணி கடலைகூடக் கிடக்கக் கூடாது என்று உத்தரவு. செம்பும் குடமும் ஈரச் சாக்கும் எங்கேயோ மாயமாயின. ராவுத்தர் நல்ல கடலையாகப் பொறுக்கி எடுத்து, தன் வீட்டு மொட்டை மாடியில் நாலு நாள் ஆவணி வெயிலில் காய வைத்தார். அதை எடுத்து ஆட்டினால் கிலுகிலுப்பைச் சத்தம் கேட்டது.

எனக்குப் பொறுக்கவில்லை. "பாய், அவுங்க குறையைப் பாக்கத்தானே வாராங்க? நீங்க எல்லாத்தையும் மறைச்சு வச்சா எப்படி?" என்றேன்.

"நல்லாச் சொன்னீங்க போங்க டீச்சரம்மா" என்று ராவுத்தர் சிரித்தார். "கடல் தாண்டி ஒரு விருந்தாளி நம்ம வாசலுக்கு வாராக. அவுகளக் கூட்டிட்டுப் போயி, அழுகுனது இங்கிட்டு இருக்கு, பூசணம் அங்கிட்டு இருக்குன்னா காட்டுறது? அவுக ஊருல போயி நம்மளப் பத்தி என்னத்தப் பேசுவாக?"

மனுஷர் கெட்டவர் இல்லை. பக்கத்துக் கிராமத்தில் ஒரு வீடு தீப்பிடித்தால் முதல் மூட்டை அரிசி அவர் கடையிலிருந்துதான் போகும். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மண்டையில் எதுவும் ஏறாது. அவருக்கு மட்டுமா? நம் எல்லோருக்குமே ஏறாது. காய்ச்சலை வீட்டில் விட்டுவிட்டு டாக்டரிடம் போகிற ஜாதி நாம்.

என் பள்ளிக்கூடத்திலேயே பார்க்கிறேனே! இன்ஸ்பெக்டர் வருகிற அன்று, படிப்பு வராத பெண்களை லீவு போடச் சொல்லிவிடுவோம். முதல் வரிசையில் கெட்டிக்காரப் பெண்களை உட்கார வைப்போம். ‘பேஷ்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு அவர் போய்விடுவார். கூடுதலாக ஒரு டீச்சர் வேண்டும் என்று நாங்கள் போட்ட மனு அதோடு போயிற்று. பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் பக்கத்து வீட்டு வெள்ளித் தம்ளரைக் கடன் வாங்குகிறோம். அப்புறம் சீரில் வெள்ளித் தம்ளர் எங்கே என்று கேட்டால் விழிக்கிறோம். இப்படியே காலம் தள்ளுகிறோம்!

அந்த நாளும் வந்தது. யூனியன் ஆபீஸ் வாசலில் வாழை மரம், மாவிலைத் தோரணம், நாதஸ்வரம். மிஸ் இங்ரிட் ஜீப்பிலிருந்து இறங்கியதும் கழுத்து தெரியாமல் மாலை. பாவம், நல்ல பெண்மணி. முப்பது வயசுக்கு மேல் இருக்காது. மூக்கு நுனி வெயிலில் சிவந்து உரிந்துகொண்டிருந்தது. கையில் ஒரு நோட்டுப் புத்தகம்.

காலையில் ஹாலில் வகுப்பு. கடலை உடைக்கிற பெண்களுக்குப் பயிற்சி என்றுதானே ஏற்பாடு? முன் வரிசையில் அதிகாரிகள் வீட்டு அம்மாக்கள். அவர்களுக்குப் பின்னால் மாதர் சங்கத்துப் பட்டுப்புடவைகள். அவர்களில் ஒருத்தராவது வாழ்நாளில் ஒரு மரக்கால் கடலை உடைத்தவர் இல்லை. எல்லோருக்கும் ரிப்பன் கட்டிய சர்ட்டிபிகேட், கேசரி, குரூப் போட்டோ. "கடலை உடைக்கிறவுங்க எங்க சார்?" என்று பி.டி.ஓ.விடம் கேட்டேன். "அவுங்க கொட்டகையில வேலையா இருக்காங்கம்மா" என்றார். வேலை செய்கிறவர்களுக்குத்தானே ஐயா பயிற்சி... யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

மத்தியானம் ராவுத்தர் வீட்டு நெய்ச்சோறு சாப்பிட்டுவிட்டுக் கொட்டகைக்குப் போனோம்.

நாற்பது பேரும் சலவைப் புடவையில் உட்கார்ந்து, மொட்டை மாடியில் காய்ந்த அந்தக் கடலையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். சிரித்த முகமாக இருக்க வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தார்கள் போலிருக்கிறது. சிரித்தார்கள். ஒவ்வொரு கடலைக்கும் ஒரு முறை முகம் சுளித்துவிட்டுச் சிரித்தார்கள்.

மிஸ் இங்ரிட் குனிந்து ஒரு கை பருப்பை அள்ளி மோந்து பார்த்தார். கருவியில் போட்டுப் பார்த்தார். "எக்ஸலண்ட்" என்றார். பிறகு என்னிடம், "உடைப்பதற்கு முன் தண்ணீர் தெளிக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. இங்கே உண்டா என்று கேளுங்கள்" என்றார்.

கேட்டேன்.

"இல்லைங்க" என்றார் ராவுத்தர்.

"சேச்சே... கிடையவே கிடையாது" என்றார் பி.டி.ஓ.

"இல்லைங்க, இல்லைங்க" என்று பெண்கள் தலையாட்டினார்கள்.

மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. பெரியநாயகி என்று பெயர். நாற்பது வயசிருக்கும். ஒல்லியான தேகம். கடலையைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"தண்ணி தெளிக்காம எப்புடிங்க ஒடைக்கிறது? மொத நா சாயந்தரமே ஊத்தி மூடி வச்சுருவோம். அதக் காய வைக்கத்தான் எடமில்ல. அப்புடியே சாக்குல அள்ளிப் போட்டுருவாக. இன்னைக்கு ஒரு நா இந்தக் காஞ்சத ஒடச்சதுக்கே... இந்தா பாருங்க" என்று கட்டைவிரலை நீட்டினாள்.

நகக் கண்ணில் ரத்தம்.

பி.டி.ஓ. என்னைப் பார்த்தார். ராவுத்தர் என்னைப் பார்த்தார். அந்த நாற்பது பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"என்ன சொல்கிறார்?" என்று மிஸ் இங்ரிட் கேட்டார்.

வாசகர்களே, அதுவரைக்கும் அத்தனை பேர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தவள் நான். குறையைக் காட்டுங்கள் என்று ராவுத்தருக்கு உபதேசம் செய்தவள் நான். ஆனால் அந்த நொடியில், ஓர் அந்நிய தேசத்துப் பெண்ணின் முன்னால் நம் வீட்டு அழுக்கை என் வாயாலேயே சொல்வதா என்று ஒரு கூச்சம் வந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் முன்னால் பெண்ணைப் பெற்றவள் மாதிரி நின்றேன்.

"வேலை கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது என்கிறாள்" என்றேன். இலக்கணச் சுத்தமான இங்கிலீஷ்.

மிஸ் இங்ரிட்டின் முகம் இளகிவிட்டது. கைப்பையைத் திறந்து பிளாஸ்திரி எடுத்து, தானே மண்டியிட்டு உட்கார்ந்து, பெரியநாயகியின் விரலில் சுற்றிவிட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். போட்டோக்காரர் அதைப் படம் பிடித்தார். பெரியநாயகிக்குக் கண் கலங்கிவிட்டது. தான் சொன்னது போய்ச் சேர்ந்துவிட்டது என்று அவள் நினைத்திருக்க வேண்டும்.

ஒரு மாதம் கழித்து அறிக்கை வந்தது. ‘இவ்வூரில் கடலையைக் கையாளும் முறை மிகச் சிறப்பாக உள்ளது. பயிற்சியோ களமோ இங்கே தேவைப்படவில்லை. உதவி வேறோர் ஊருக்கு அளிக்கப்படும்.’

பி.டி.ஓ. அதற்குக் கண்ணாடி போட்டு ஆபீசில் மாட்டிவிட்டார்! கூட்டம் போட்டு என்னையே தமிழில் படிக்கச் சொன்னார். படித்தேன். ராவுத்தர் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார். நம் ஊரை வெளிநாட்டுக்காரர்கள் இப்படிப் புகழ்ந்திருக்கிறார்களே என்று ஒரு மாதர் சங்கத்து அம்மாள் பேசினார். களம் போயிற்று, கருவி போயிற்று, பயிற்சி போயிற்று... நாங்கள் கை தட்டிக்கொண்டிருக்கிறோம். ஆமாம், நானும் தட்டினேன்.

அப்புறம் ஐப்பசி வந்தது. மழை விடாமல் கொட்டியது. ரோட்டில்கூடக் காயப்போட வழியில்லை. செம்பும் குடமும் ஈரச் சாக்கும் கொட்டகைக்குத் திரும்பி வந்திருந்தன. நனைந்த கடலையை உடைத்து, நனைந்த பருப்பை அடைத்து, லாரியில் ஏற்றினார்கள். மிச்சத்தைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே.

துறைமுகத்துக் கம்பெனிக்காரர்கள் இனி உங்கள் சரக்கே வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள். ராவுத்தர் கொட்டகையைப் பூட்டிவிட்டார். போய்ப் பார்த்தேன். ஆள் பாதியாகிவிட்டார். "மானத்தக் காப்பாத்துறேன்னு எல்லாத்தையும் கெடுத்துக்கிட்டேன் டீச்சரம்மா" என்றார். திட்டலாம் என்றுதான் போயிருந்தேன். திட்டுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை?

திரும்பி வந்த மூட்டைகள் என்ன ஆயின என்று கேட்பீர்கள். பாதியை எண்ணெய்ச் செக்குக்காரர்கள் கொண்டுபோனார்கள். மீதி சந்தைக்கு வந்தது. நானே தெரியாமல் அரைப்படி வாங்கிவிட்டேன். வீட்டில் வந்து ஒரு பருப்பைப் பிளந்தால், நடுவில் பச்சையாகப் பொடி. குப்பையில் கொட்டிவிட்டேன். கொட்டாத வீடுகள் எத்தனையோ! சீமையில் வான்கோழிக்கே ஆகாது என்று தள்ளிய சரக்கு, நம் வீட்டில் பிள்ளைகளின் இட்லிக்குச் சட்னி ஆகிறது. இதை நினைத்தால் வயிறு எரிகிறதா, இல்லையா?

மிஸ் இங்ரிட்டுக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டேன். பெரியநாயகி சொன்னதை ஒரு வார்த்தை விடாமல், அவள் சொன்னபடியே. நாலு வரிகூட வரவில்லை. பதில் வருமோ வராதோ, வந்தாலும் களம் வருமோ வராதோ... தெரியாது. இந்தப் பத்தியைப் படித்துவிட்டு பி.டி.ஓ. என் மேல் பாய்வார் என்று மட்டும் தெரியும். பாயட்டும்.

ஆனால் என்னைக் கடிதம் எழுத வைத்தது வேறொன்று.

போன சனிக்கிழமை திருமயம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். "டீச்சரம்மா, நல்லா இருக்கீங்களா?" என்று பின்னாலிருந்து குரல். பெரியநாயகி. இடுப்பில் ஒரு கூடை, அதற்குள் ஒரு சுத்தியல்.

"என்ன பெரியநாயகி, எங்க போறீங்க?"

"ஜல்லி ஒடைக்கப் போறேங்க. கொட்டகையப் பூட்டுனப்பறம் நாங்க பத்துப் பேரு அங்கிட்டுத்தான் போறோம்." விரல்களில் துணி சுற்றியிருந்தாள். "அந்த வெள்ளக்காரம்மா நல்ல மனுசிங்க. அவுகளாலயும் ஒண்ணும் பண்ண முடியலபோல. நாஞ் சொன்னதக் கேட்டுட்டு என்னங்க சொன்னாக?"

பஸ் வந்து நின்றது. யாரும் இறங்குவதற்கு முன்பே ஏறுகிற கூட்டம் முண்டியடித்தது. பேசாமல் தப்பித்திருக்கலாம். ஏனோ அன்றைக்கு முடியவில்லை.

"அவுங்களுக்குத் தெரியாது பெரியநாயகி. நீங்க சொன்னதை நான் சொல்லவே இல்லை."

அவளுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, அக்கறையாகக் கேட்டாள்.

"எங்க கிட்டத்தான், வாயத் தொறந்தா மறுநா வேலைக்கு வர வேணாமுன்னு சொல்லியிருந்தாக. ஒங்களையும் அப்புடி மெரட்டுனாகளா டீச்சரம்மா?"

இல்லை. என்னை யாருமே மிரட்டவில்லை.